முழங்கைப் பள்ளம்

நூலகத்தின் ஜன்னலோர மேசை விளிம்பில் ஒரு பள்ளம் இருந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், கதவு திறந்ததும் ஓடிவந்து அந்த இடத்தில் கைக்குட்டை போட்டுவைப்பார்களாம். அன்று எப்படியோ அது மரகதத்தின் மகளுக்குக் கிடைத்துவிட்டது.

“அம்மா, இது கலெக்டர் ஞானப்பிரகாசம் படிச்ச இடம். முழங்கையை ஊன்றி ஊன்றியே மரம் தேய்ஞ்சிருக்கு பாரு. இப்படி உழைச்சா எனக்கு மட்டும் கிடைக்காமலா போயிடும்?”

மரகதம் குனிந்து தன் முழங்கையைப் பள்ளத்தில் வைத்தாள். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அது அச்சாகப் பொருந்தியது. ஞானப்பிரகாசம் எதிர் நாற்காலிக்காரன். மின்விசிறிக்கு நேர் கீழே, முகத்தில் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு தூங்குவான். விழித்ததும் கடலைப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளி, “என்னத்தப் படிச்ச? கதையாச் சொல்லு மரகதம்” என்பான். அவளும் சொல்வாள். நூலகர் வந்து அதட்டும்வரை இருவரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். தேர்வானவர்கள் பட்டியலில் அவன் பெயர் முதல் முறையே வந்தது. அவள் பெயர் எந்த வருடமும் வரவில்லை. ஆனாலும் அந்தக் கடலையின் உப்பு இன்னும் நாவில் இருந்தது.

அவள் மகளின் பையை எடுத்து எதிர் நாற்காலியில் வைத்தாள்.

“அங்கே உட்காரு.”

“ஐயோ அம்மா, அங்கே காத்து நேரா மூஞ்சியில அடிக்கும். தூக்கம் தூக்கமா வரும்.”

“வரட்டும்” என்றாள் மரகதம்.