பதினெட்டில் பாதி

பத்தாவது குழிக்கருகே குடைநிழலில் அமர்ந்திருந்த நகராட்சித் திட்ட அதிகாரி அம்மையார், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார். தொலைவிலிருந்து அதைக் கண்ட புல்வெளிக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போலிருந்தது. இன்னும் நால்வர் கணக்கில் ஏறிவிட்டார்கள்.

பொது கோல்ஃப் மைதானத்துக்கு நகராட்சி ஐந்தாண்டுத் திட்டம் தீட்டுகிறது. பதினெட்டுக் குழிகளையும் வைத்துக்கொள்வதா, பின்பாதியை மூடிவிட்டு ஒன்பதோடு நிறுத்துவதா என்பதே கேள்வி. அம்மையார் மூன்று நாள் நேரில் அமர்ந்து பார்த்து எழுதுவதுதான் முடிவு. பின்பாதியின் புல்லைப் பராமரிப்பது புல்வெளிக்காரரின் பொறுப்பு; அது போனால் அவருடைய பத்தொன்பது ஆண்டு வேலையும் கூடவே போகும்.

அம்மையார் எதைப் பார்க்க வருகிறார் என்று புல்வெளிக்காரர் யாரையும் கேட்கவில்லை. கேட்பானேன்? சென்ற ஆண்டு நகராட்சி நீச்சல் குளத்தை ஆள் வரவில்லை என்றுதானே மூடினார்கள்? இங்கும் வார நாள்களில் முப்பது பேர் வந்தாலே பெரிது. ஆகவே உறவு முழுவதையும் படையாகத் திரட்டினார்.

மாமியார், மைத்துனன், சகலை குடும்பம், சித்தப்பா பிள்ளைகள், அவர்களுடைய அலுவலகத் தோழர்கள் என்று நாளொன்றுக்கு அறுபது பேர் இறங்கினார்கள். மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றறிந்தவர் அவர்களுள் ஒருவரும் இல்லை. புல்வெளிக்காரர் அவர்களுக்கு இட்ட கட்டளை ஒன்றே: பந்து குழியில் விழும்வரை விடக்கூடாது, பாதியில் கிளம்பவும் கூடாது.

பதினோராவது குழிக்கு மாமியார் இருபத்தேழாவது தடவையாக மட்டையை ஓங்கினார்.

"மாப்ள, இந்தப் பந்து என் பேச்சக் கேக்கவே மாட்டேங்குது."

"அதான் நான் கேக்கறேனே அத்தை. நீங்க அடிங்க."

மைத்துனன் குளத்தில் பந்தைப் போட்டுவிட்டு, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தேடப் போனான். சகலை மணற்பள்ளத்தில் இறங்கினார். மணல் பறந்ததேயொழியப் பந்து வெளியே வந்தபாடில்லை. நாள்தோறும் ஆட வரும் பல் மருத்துவர் பின்னால் காத்திருந்து காத்திருந்து, செய்தித்தாளை வரி விளம்பரம்வரை படித்து முடித்தார். அவர் முணுமுணுத்ததைக் கேட்டுப் புல்வெளிக்காரருக்கு ஆத்திரமே வந்துவிட்டது. பொதுமக்கள் மைதானத்துக்குப் பொதுமக்கள் வந்தால் முகம் சுளிப்பது என்ன நியாயம்?

மூன்றாம் நாள் மாலை அம்மையார் குடையை மடக்கினார். புல்வெளிக்காரர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நின்று, பின்பாதி பிழைக்குமா என்று விசாரித்தார்.

"வருத்தமாத்தான் இருக்கு. ஒன்பதோட நிறுத்தச் சொல்லி எழுதப்போறேன்."

புல்வெளிக்காரர் அவர் கையிலிருந்த குறிப்பேட்டைக் காட்டினார். "என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க? மூணு நாள்ல நூத்தெண்பது பேர் வந்தாங்க. நீங்களே பாத்துப் பாத்து எழுதினீங்க."

ஆள் எண்ணுவது தம் வேலையன்று என்றார் அம்மையார். பதினெட்டுக் குழிகளும் ஆடி ஒரு சுற்று முடிப்பதற்குள் பொழுதே போய்விடுகிறது, குழிகளைப் பாதியாகக் குறையுங்கள் என்று நகராட்சிக்குப் புகார்மேல் புகாராம். அது மெய்தானா என்று நேரம் பார்க்கவே அவர் வந்தாராம். ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்தால் புகார்களைத் தள்ளிவிடலாம் என்றிருந்தார்கள்; மூன்று நாளும் எட்டு மணி நேரத்துக்குக் குறைந்து ஒரு சுற்றும் முடியவில்லை.

புல்வெளிக்காரர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். அவரைத் தேற்றுவதாக எண்ணிக்கொண்டு அம்மையார் கனிவோடு சொன்னார்:

"இந்தக் கூட்டம் மட்டும் வராம இருந்திருந்தா, பதினெட்டும் தப்பிச்சிருக்கும்."