இருளாண்டி வீட்டு அய்யனார்

“எங்க அய்யனாரை அந்த இருளாண்டிக்கு ஏண்டா வித்தே?”

காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் ஆள் அத்தனையும் நிற்க, சிவசாமிக் கங்காணி இப்படிக் கேட்டதும் மருதமுத்து கையெடுத்துக் கும்பிட்டான்.

“சத்தியமா விக்கலீங்கய்யா.”

“அப்ப அவன் வீட்டுச் சுவத்துல குதிரை மேல உக்காந்திருக்கறது யாரு? ஒங்கப்பனா?”

நாலு பேர் சிரித்தார்கள். மருதமுத்து எப்படிச் சிரிப்பான்? விற்றது உண்மை என்றால் இன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு தோட்டத்தைவிட்டுப் போய்விட வேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டார். போக்கிடம் ஏது அவனுக்கு?

ரப்பர் விலை விழுந்து, மலாக்காவில் பாயா ரும்புட் பக்கத்துத் தோட்டங்களில் பாதிப் பேருக்கு வேலை போயிருந்த நேரம் அது. மருதமுத்துவுக்கும் போயிற்று. அவன் பெண்டாட்டி குஞ்சம்மா துரை பங்களாவில் கூட்டிப் பெருக்குகிறவள். துரையின் சிகரெட்டுப் பெட்டிக்குள் சின்னதாகப் படச் சீட்டு ஒன்று இருக்கும். கப்பல், பந்தயக் குதிரை, தொப்பி வைத்த வெள்ளைக்காரி என்று விதவிதமாக வரும். துரை வீசியதையெல்லாம் அவள் பொறுக்கிக்கொண்டு வந்தாள். இவன் விற்றுப் பார்த்தான். வெள்ளைக்காரியை வாங்கிக்கொண்டுபோய் நாங்கள் என்ன செய்ய என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் கேட்டது. நியாயம்தானே?

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. சீட்டின் பின்பக்கம் வெள்ளைத்தாளை ஒட்டினான். உங்கள் ஊர்ச் சாமி எப்படி இருக்கும் என்று ஒவ்வொருத்தரையாகக் கேட்டு, அடுப்புக்கரி, மஞ்சள், குங்குமம், சலவை நீலம் இவற்றை வைத்தே வரைந்து கொடுத்தான். அச்சடித்த முருகன் மலாக்கா டவுனில் கிடைப்பார். பனங்காட்டு முனியை எவன் அச்சடிப்பான்?

சீட்டை வாங்கினவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்த சாமி உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் பேச்சு வரும்! யாபாரம் பிடித்துக்கொண்டது. பிறகு சனங்கள் சீட்டை மாற்றிக்கொள்ளவும் ஆரம்பித்தார்கள். உங்கள் கருப்பன் கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் இருக்கட்டும், எங்கள் காளி உங்கள் வீட்டுக்கு வரட்டும் என்று பேசிக்கொண்டார்கள். சாமிகளுக்கும் நாலு வீடு பார்த்த மாதிரி ஆயிற்று.

கங்காணி மட்டும் கறாராகச் சொல்லியிருந்தார், தன் ஊர் அய்யனாரைத் தனக்கு மட்டும்தான் வரைய வேண்டும் என்று. யாரை மனசில் வைத்துச் சொன்னார் என்பது எல்லாருக்கும் தெரியும். இருளாண்டி அவர் ஊர்க்காரன், அவரே கப்பலேற்றிக் கூட்டி வந்த ஆள். அங்கே திருவிழாவில் இருளாண்டி வகையறா கண்மாய்க்கு அந்தப் பக்கம் நின்று தப்படிக்கும். இந்தப் பக்கம் வந்து சாமி முகம் பார்த்தது கிடையாது.

கங்காணி செருப்புச் சத்தம் முன்னே போக, கூட்டம் பின்னே போயிற்று. அவர் வீட்டில் மகளுக்கு அம்மை வார்த்திருந்தது. அதனால் சில நாளாக அவருக்குப் படுக்கை பிரட்டுக்களத்துக் கொட்டகையில்தான். அந்த எரிச்சல் வேறு.

இருளாண்டிக்கு லயத்துக் கடைசி வீடு. தாழ்ந்த வாசல். மருதமுத்து குனிந்து எட்டிப் பார்த்தான். சுவரில் அய்யனார், முன்னால் அகல் விளக்கு, ஒரு செம்பருத்தி. நான் வரைந்ததா இது என்று அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம்தான் குதிரை வாலைக் கவனித்தான்; கங்காணிக்கு வரைந்தபோது கை தவறி நீலம் கசிந்த அதே வால்.

“ஐயா, இது நான் ஒங்களுக்குக் குடுத்த அதே படமுங்க.”

“என் வீட்டுப் படமா? அப்ப களவாடியிருக்கானுக!”

இருளாண்டி கும்பிட்டபடி வந்தான். படம் எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியாதாம், வீட்டுக்காரி முனியாயி கொண்டுவந்து வைத்தாளாம். “ஆயுசு பூரா இவருக்குத் தப்படிச்சேங்க. இவரு மொகத்த இப்பத்தான் பாக்குறேன்.” அவன் கண் கலங்கிவிட்டது.

கங்காணி முனியாயியைப் பார்த்தார். யார் கொடுத்தது என்று எத்தனை விதமாகக் கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை.

“மாரியம்மன் படம் வாங்கி வச்சிருந்தியே, அத எடுத்துட்டு வா. அது மேல அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

“அது இங்க இல்லீங்க.”

“பாத்தீங்களா? அவ சாமிய வித்துத் தின்னுட்டு, என் சாமியக் களவாண்டிருக்கா!”

கூட்டம் முணுமுணுத்தது. மருதமுத்துவே அவளைச் சந்தேகமாகத்தான் பார்த்தான்.

“அவள ஒண்ணும் கேக்காதீங்க.”

எல்லாரும் திரும்பினார்கள். கங்காணி பெண்டாட்டி அன்னம்மா, மஞ்சள் சேலையும் இடுப்பில் வேப்பிலையுமாக மூச்சு வாங்க நின்றாள். அம்மை கண்ட வீட்டுக்காரி வெளியே வருவதா என்று சனம் விலகியது.

“பொண்ணுக்கு முத்துப் போட்டப்ப நம்ம வாசல மிதிக்க ஒரு நாதியில்ல. இவ ஒருத்திதான் கொல்லப் பக்கமா வந்தா. இவ புள்ளைக்கு அம்மை கண்டப்பத் தொணையா இருந்த மாரியாத்தாவ எங்கிட்டத் தூக்கிக் குடுத்தா. சாமியில்லாத வீட்டுல இவ யாருக்கு வெளக்கேத்துவா? நாந்தான் அய்யனார இவ கையில குடுத்தேன். ஒங்ககிட்ட நான் அடிபடுவேன்னு வாயத் தொறக்காம நிக்கிறா.”

கங்காணி குனிந்து உள்ளே சுவரைப் பார்த்தார்.

“ஒங்க சாமி வேணும்னா எடுத்துக்குங்க. ஆனா இவ சாமியத் திருப்பிக் குடுக்கணும். அது நம்ம பொண்ணு தலமாட்டுல இருக்கு. அவளுக்கு இன்னும் தலைக்குத் தண்ணி ஊத்தல.”

கங்காணி யார் முகத்தையும் பார்க்கவில்லை. “வீட்டுக்குப் போய் ஒன் வேலையப் பாருடா” என்று மருதமுத்துவிடம் சொன்னார். பிறகு இருளாண்டி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து, கையைக் கூப்பிக்கொண்டு உள்ளே போனார்.