செல்வின் போட்டுக்கொண்ட ஊசி

செல்வினும் அவன் தங்கை எஸ்லினும் இரண்டு போட்டி நிறுவனங்களுக்காகத் தேரிக்காட்டில் ஜீப் பந்தயம் ஓட்டினார்கள். ஓட்டுநர்கள் எதிர் நிறுவனத்துக்குத் தாவிவிடாமலிருக்க இரு நிறுவனங்களும் விசுவாச ஊசி போட்டன. போட்டுக்கொண்டவருக்கு எதிரணியைக் கண்டாலே வெறுப்பு வரும்.

இறுதிப் பந்தயத்தில், செம்மணல் மேட்டில் எஸ்லினின் ஜீப் கவிழ்ந்தது. பின்னால் வந்த செல்வின் நிறுத்தவில்லை. சிரித்தபடியே கடந்து போனான்.

இரண்டு மாதம் கழித்து ஊசியின் வேகம் தணிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஒரு காலை இழந்திருந்த தங்கையின் கட்டிலருகே நின்று அழுதான்.

"எல்லாம் அந்த ஊசி பண்ணுன வேலைம்மா. நீயும் போட்டவதானே, உனக்குத் தெரியாதா?"

"நான் போடலண்ணே. போட்டா உன்னய வெறுத்திருவேன்லா," என்றாள் எஸ்லின். "அதுக்குத்தான் எனக்கு அந்தப் பிரேக் பிடிக்காத பழைய வண்டியக் குடுத்தாங்க."