கழித்தல் குறி

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் பூரணி நான்கு மாடியும் ஏறிவிட்டாள்.

வார்டு வாசலில் நின்று மூச்சை ஆற்றிக்கொண்டாள். என்ன சொல்வதென்று இன்னும் முடிவாகவில்லை.

காலையில்தான் கண்டுபிடித்தாள். கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல். ஒரே ஒரு குறி.

பதினொரு வருடக் கணக்கு. ஆய்வுக்கூடத்தின் ஒரே அறையில், எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்து அவளும் ஜெபராஜும் போட்டது.

கருந்துளையில் விழும், அணுவினும் சிறிய நுண்ணிழை, வெளியே நிற்பவர் கண்ணுக்கு ஒரேயடியாக மறைந்துவிடுவதில்லை. நீண்டு, மெலிந்து, துளையின் விளிம்பெங்கும் பரவிக் கிடக்கும். விழுந்ததன் தடம் அழியாது. அதைத்தான் நிரூபித்துவிட்டதாக நினைத்திருந்தார்கள்.

குறியைத் திருத்தினாள். பரவல் முழுக்க அடிபட்டுப் போயிற்று.

விழுந்தது விழுந்ததுதான்.

நான்கு முறை போட்டுப் பார்த்தாள். நான்கு முறையும் அதே விடை.

இந்தக் கணக்கை முடிக்கத்தான் போன வருடம் ஜெர்மனியில் கிடைத்த வேலையை வேண்டாமென்று எழுதினாள்.

உள்ளே கட்டிலில் கிடந்த ஜெபராஜின் கண்கள் மஞ்சளித்திருந்தன. கணையத்தில் புற்று. இனி நாட்கள்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“கடைசிப் பகுதிய சரி பார்த்தியா, பூரணி?”

“பார்த்துட்டேன். எல்லாம் சரியா வந்துடுச்சு.”

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வராது. அந்தக் குறி தப்பு.”

அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

“எப்போலேர்ந்து தெரியும்?”

“மூணு வருஷமா.”

மூன்று வருடம்.

வேலையை மறுத்து எழுதிய கடிதத்தை, அனுப்புமுன் அவனிடம்தான் படித்துக் காட்டினாள். ஒரு வாக்கியத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை. நல்லா இருக்கு என்றான்.

“ஏன் ஜெபா சொல்லல?”

வறண்ட உதட்டை நனைத்துக்கொண்டான்.

“சொல்லியிருந்தா நீ போயிருப்ப.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். வெகுநேரம் இருமினார்கள்.

அவள் எழுந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள்.

நர்ஸ் ஒரு தாளோடு எதிரே வந்தாள். மூச்சு நின்றால் கருவி வைக்க வேண்டாம் என்பதற்கான படிவம். கையெழுத்துப் போட அவன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

“நீங்க இவருக்கு என்ன வேணும் மேடம்?”

திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

“பேனா குடுங்க,” என்றாள்.