தொண்டை கட்டிய நாள்

பொத்தான் தைக்கும்போது நூலைப் பல்லால் கடிக்கக் கூடாது என்பாள் தையல் அக்கா. ஆனால் உள்ளறையிலிருந்து அவள் சத்தம் வந்தால் என்னை அறியாமல் கடித்துவிடுவேன்.

"வாயைத் திறங்க! கல்லையா கொட்டுறேன்? என்னைப் பாடாப் படுத்தணும்னே பொறந்தீங்களா? முழுங்குங்க!"

தினமும் மத்தியானம் இதுதான். மிஷினை நிறுத்திவிட்டு மாமியாருக்குச் சாப்பாடு கொடுக்கப் போவாள். கூடவே திட்டும் பரிமாறுவாள். என் குழந்தை துணிக் குவியல் மேல் அசையாமல் தூங்கும். அதற்குப் பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை.

எனக்கு வேலை கொடுத்தவள் அவள். வாயே திறக்காமல் பொத்தான் தைப்பதால் 'பொத்தான்' என்று பேர் வைத்தவளும் அவள்தான். அவளை நான் என்ன கேட்க முடியும்?

மாடி வீட்டு அக்கா என்னிடம் கேட்பாள். அவள் ஆன்மிகச் சொற்பொழிவு ஒன்றையும் விடமாட்டாள். துணி கொடுக்க வந்தால் உள்ளறைப் பக்கம் காதைக் கொடுத்தபடி எனக்கும் கொஞ்சம் பொழிவாள்.

"கேட்டியா பொத்தான்? இதுக்குப் பேருதான் கர்மா. அந்தக் காலத்துல இவளை அந்தம்மா என்ன ஆட்டு ஆட்டுச்சு தெரியுமா? ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. வினை விதைச்சா வினைதானே முளைக்கும்?"

"உம்."

"ஆனா இவ செய்யறதும் தப்பு. மருமகளுக்குன்னு ஒரு தர்மம் இல்லையா? இப்போ இவ விதைக்கிறா. நாளைக்கு இவளுக்கு முளைக்கும்."

"உம்."

நான் அஞ்சாவதோடு நின்றவள். கர்மா, தர்மம் எல்லாம் எனக்குப் பெரிய வார்த்தை. ஆனால் 'இந்த அக்கா ஒருநாளாவது தன்மையாப் பேசக் கூடாதா' என்று நானும் மனசுக்குள் நினைத்ததுண்டு.

நேற்று அது நடந்தது. தையல் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

கிண்ணத்தோடு உள்ளே போனாள். இன்றைக்காவது அந்தம்மா நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று நினைத்தேன்.

போன வேகத்தில் திரும்பி வந்தாள். கிண்ணம் அப்படியே இருந்தது. கண் கலங்கியிருந்தது.

"பொத்தான், நீ கொஞ்சம் வந்து திட்டேன்."

ஊசி விரலில் ஏறிவிட்டது.

"யாரைக்கா?"

"அத்தையைத்தான்."

"ஐயோ! என் வீட்டுக்காரரையே நான் திட்டினதில்லைக்கா!"

"அதுக்கும் ஒத்திகையா இருக்கட்டும், வா."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே கிசுகிசுத்தாள்.

"அவங்களுக்கு எல்லாம் மறந்துபோச்சுடி. என் பேரு, என் முகம், பெத்த பிள்ளையோட முகம்கூட. நாங்க ரெண்டு பேரும் போட்ட சண்டை மட்டும்தான் மிச்சம். நான் கத்தினா, மருமக வந்துட்டான்னு வாயைத் திறப்பாங்க. மெதுவாப் பேசினா நான் யாரோ. வேத்தாள் கையால ஒரு வாய் வாங்கமாட்டாங்க. காலையிலேருந்து பட்டினி."

கட்டிலில் அந்தம்மா மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், விருந்தாளியைப் பார்ப்பது மாதிரி.

"யாரும்மா நீங்க? சாப்பாடா? வேணாம்மா. என் மருமக வருவா. அவ கையால சாப்பிட்டாத்தான் எனக்கு இறங்கும். வாய்தான் கொஞ்சம் நீளம். ஆனா அவ எனக்கு வாய்க்கறதுக்கு நான் என்ன புண்ணியம் செஞ்சேனோ."

தையல் அக்கா கையில் கரண்டி அப்படியே நின்றது.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன். "இதை அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களாம்மா?"

"நல்லாச் சொன்னே, போ! சொன்னா தலையில ஏறி உக்காந்துக்கமாட்டாளா?"

அக்கா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் கொட்டியது. "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இதுக்குத்தான்டி ஏங்கினேன்" என்றாள் காற்றுக் குரலில். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைக் கதவுக்குப் பின்னால் தள்ளினாள்.

"ம், திட்டு."

"கல்லையா... கொட்டுறேன்..."

எலிக்குஞ்சு மாதிரி வந்தது. அக்கா கையை உயர்த்தி உயர்த்திக் காட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வாயைத் திறங்க! எனக்கு வேற வேலை இல்லையா? முழுங்குங்க!"

என் குழந்தையே விழித்துக்கொண்டு அலறியது. அந்தம்மா முகத்தில் விளக்கு ஏற்றினது மாதிரி ஒரு வெளிச்சம்.

"வந்துட்டியாடி! எங்கே போய்த் தொலைஞ்சே இவ்வளவு நேரம்? பசி உயிர் போகுது!"

வாய் திறந்தது. நான் கதவுக்குப் பின்னால் கத்த, அக்கா வாயை மட்டும் அசைத்து அசைத்து ஊட்டினாள். கிண்ணம் காலியானது.

வெளியே வந்தால் மாடி அக்கா மோவாயில் கை வைத்து நிற்கிறாள்.

"அடிப்பாவி பொத்தான், நீயுமா? கர்மா சும்மா விடாதுடி."

"விடாம இருக்கட்டும்க்கா" என்றேன். இவ்வளவு நீளமாக நான் அவளிடம் பேசியதே இல்லை.

இன்றைக்குத் தையல் அக்காவுக்குத் தொண்டை திறந்துவிட்டது. காலையில் நூல்கண்டு காணோம் என்று போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. மத்தியானம் மிஷினை நிறுத்தினாள், கிண்ணத்தை எடுத்தாள், உள்ளே போனாள்.

நூலைப் பல்லில் வைத்துக் காத்திருக்கிறேன். திட்டு வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். கிண்ணத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் யாரோ வேற்று மனுஷி மாதிரி ஒடுங்கி உட்கார்ந்து, அக்கா மெதுவாகக் கேட்கிறாள்:

"உங்க மருமக எப்படிங்க... நல்லவளா?"