குடும்பத்தில் எத்தனை பேர்

கம்ப்யூட்டர் சென்டரின் கண்ணாடிக் கதவைத் தாண்டி மதிய வெயில் விசைப்பலகை வரை வந்து கிடக்கிறது. மகளின் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்தை லாரி மெக்கானிக் தானே உட்கார்ந்து நிரப்புகிறார். நகக்கண்ணில் கிரீஸ். ஒற்றை விரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்து எழுத்தின்மேல் வைக்கிறார். குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் விரல் பழக்கத்தில் மூன்று என்று அடிக்க, கீழே மூன்று வரிகள் திறக்கின்றன. தன் பெயர், மனைவி பெயர், மகள் பெயர் என்று நிரப்பியும் விடுகிறார். பின்னால் நிற்கும் மகள் மெதுவாக, "ரெண்டுதானேப்பா," என்கிறாள். அவள் அம்மா போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. சென்டர்காரர் எட்டிப் பார்த்து, "மூணுன்னே இருக்கட்டும் சார். வருமானத்தை மூணால வகுத்தா முழுத்தொகையும் கிடைக்கும், ரெண்டால வகுத்தா பாதிதான். ரெக்கார்டுல இன்னும் பேர் இருக்குல்ல, யார் கேக்கப் போறா?" என்கிறார். மெக்கானிக் அவரைப் பார்க்காமலே மூன்றை அழித்து இரண்டு என்று அடிக்கிறார். கடைசி வரி மூடிக்கொள்கிறது. மகளின் பெயர் போய்விட, கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி அவரும் மனைவியும் மட்டும் திரையில் நிற்கிறார்கள். "நான் அடிக்கட்டுமாப்பா?" "வேணாம்மா, நானே பண்றேன்." அழிக்கும் பொத்தானை ஒவ்வொரு தடவையாக அமுக்குகிறார். மனைவியின் பெயர் பின்னாலிருந்து எழுத்தெழுத்தாகக் குறைகிறது. முதல் இரண்டு எழுத்து மிஞ்சும்போது விரல் நின்றுவிடுகிறது. வீட்டில் அவளை அவர் கூப்பிட்டது அந்த இரண்டெழுத்தில்தான்.