துடைத்த இலைகள்

ஆல்கஹாலில் கொதிக்க வைத்ததும் பச்சையெல்லாம் இறங்கி இலை எண்ணெய்த்தாள் மாதிரி வெளுத்துவிடும். தவிக்கிற இலைக்குள் ஒரு நஞ்சு ஊறும். இலை அதை ஓயாமல் முறித்துக்கொண்டே இருக்கும். முறித்து மாளாத இடம் மட்டும் நாங்கள் முன்பே ஏற்றிய சாயத்தால் பழுப்பாகத் தெரியும். பன்னிரண்டு நாள் தண்ணீர் விடாத கத்தரிச் செடியின் இலை முழுக்கப் பழுப்பு. அது எதிர்பார்த்ததுதான். தினமும் தண்ணீர் குடித்த செடியின் இலை வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். அதிலோ காம்பிலிருந்து நுனிவரை விரல் அகலத்துக்கு ஒரு பழுப்புத் தடம். பத்து இலையிலும் அப்படியே. மூன்றாவது முறையாகப் பரிசோதனை பாழ். ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு வாரம்தான் இருந்தது.

செடிகளைப் பார்த்துக்கொள்ளும் சகாயமேரி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“நல்ல செடியைத் தொட்டீங்களாக்கா?”

“தூசி அடையுதேன்னு தினம் ஒவ்வொரு இலையா தொடச்சு விடுவேம்மா. காயப் போட்ட செடியைத்தானே தொடக் கூடாதுன்னு சொன்ன?”

அப்படித்தான் சொல்லியிருந்தேன். தினம் விரல் பட்டுக்கொண்டே இருந்தால் அதுவும் இலைக்குத் தவிப்புதான். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

“என்னம்மா, இப்படி வாடிப் போயிட்ட? சாப்பிட்டியா, தூங்கினியா?”

காலையிலிருந்து என்னை இப்படி விசாரித்தவர்களில் அவர் ஐந்தாவது ஆள். பக்கத்தில் வந்து, என் நெற்றி வியர்வையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை கட்டைவிரலால் மெதுவாகத் துடைத்துவிட்டார். நல்ல மனசோடுதான் செய்தார். அந்த விரலை எடுக்கும்வரை நான் அசையாமல் நின்றேன்.